இடது சீட்டின் காலடியில் ஒரு சத்தம்

எனக்குக் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். தாலுகா ஆபீஸில் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பவர்கள் பேப்பரையெல்லாம் ஒழுங்காக அடுக்கிக்கொண்டுதான் வாயைத் திறப்பார்கள். அது வேலைக்கான கோபம். சாயங்காலம் டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு வந்துவிடுவேன். போன கோடையில் எனக்கு வந்தது வேறு. காலையில் நான் கண் விழிக்கும்போதே அது எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருந்தது.

யார் மேல் கோபம் என்று கேட்டால் எல்லார் மேலும்தான். வீட்டுக்கு வந்து போன சொந்தக்காரர்கள் மேல். என் கொழுந்தனார் மேல். போளூர் ரோட்டில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் மேல். கோயிலுக்குள் உட்கார்ந்திருக்கிற சாமி மேலும் கொஞ்சம். எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் பழைய காரின் ஏசியைப் போட்டால் வருகிற அந்த டக்டக் சத்தத்தின் மேல்.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்தியவர். வாயால் பிழைத்தவர் என்று நான் கேலி செய்வேன். இட்லி மாவு ஏன் பொங்குகிறது, ரயில் தூரத்தில் வரும்போது ஒரு சத்தமும் தாண்டிப் போகும்போது ஒரு சத்தமும் ஏன் என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவருக்குத்தான் அந்தக் கோடைக்கு முந்தின ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரைக் கழுவி முடித்துவிட்டு உள்ளே வரும்போது பக்கவாதம் வந்தது. வலது கை போனது. வலது கால் பாதி போனது. பேச்சு முழுசாகப் போனது. நான்கு மாதப் பயிற்சியில் தடி ஊன்றி நடக்க வந்துவிட்டது. பேச்சில் மட்டும் ஒரே ஒரு வார்த்தை திரும்பி வந்தது. "அது." காபி வேண்டுமென்றாலும் "அது", ஜன்னலை மூடச் சொன்னாலும் "அது", அழுகை வந்தாலும் "அது".

வேலூரில் பார்த்த டாக்டர் என்னை உட்காரவைத்துத் தெளிவாகச் சொன்னார். "அவருக்கு எல்லாம் புரியுதும்மா. சொல்லத்தான் வரல. நீங்க அவசரப்படாம காத்திருந்து கேளுங்க." நான் இதை வீட்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேரிடமும் சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு, அவர் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே என்னிடம் கேட்டார்கள், "சாருக்கு ஆள் அடையாளம் தெரியுதா?" ஒரு அம்மாள் அவர் கன்னத்தைக் குழந்தையைக் கிள்ளுவதுபோல் கிள்ளிவிட்டே போனாள். வந்தவளை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டியிருந்ததே என்று எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

வாரம் ஒரு முறை, வியாழக்கிழமைகளில், பேச்சுப் பயிற்சிக்கு அவரை வேலூருக்கு அழைத்துப்போக வேண்டும். பஸ்ஸில் அவரால் ஏற முடியாது. வீட்டில் இருந்தது அவருடைய கார். பதினெட்டு வருஷத்துச் சின்ன வெள்ளை வண்டி. அதுவரை அதன் ஸ்டியரிங்கை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. எனக்கு லைசென்ஸ் இருந்தது, ஓட்டத் தைரியம் இல்லை. தைரியம் வருகிறவரைக்கும் காத்திருக்க முடியாது என்பதால் ஓட்டினேன். அவர் இடது பக்கத்து சீட்டில், தடியை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவார்.

போளூர் தாண்டி, கண்ணமங்கலம் தாண்டி, இரண்டு மணி நேரம். சித்திரை வெயில். ஜன்னலைத் திறந்தால் ரோடு வேலைப் புழுதியும் லாரிப் புகையும் உள்ளே வந்துவிடும். அவர் இருமி இருமிக் களைத்துப்போவார். அங்கே போய்ப் பயிற்சி அறையில் உட்கார்ந்தால் வாயே திறக்காது. ஏசி போட்டு ஜன்னலை மூடிக்கொண்டு போன நாட்களில் ஏதோ ஒரு எழுத்தாவது வரும். ஒரு வியாழக்கிழமை என் பெயரின் முதல் எழுத்து வந்தது. அதனால் எனக்கு ஏசி சொகுசு இல்லை. அவருடைய அடுத்த எழுத்து அதில்தான் இருந்தது.

அந்த ஏசியில்தான் சத்தம் ஆரம்பித்தது.

முதலில் சரசரவென்று காய்ந்த சருகைக் காலால் தள்ளுவதுபோல. அப்புறம் டக், டக், டக் என்று. காற்றின் வேகத்தைக் கூட்டினால் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி. சத்தம் வந்த இடம் அவர் காலடி. அங்கே, சாமான் போடுகிற பெட்டிக்கு அடியில், காற்றை உள்ளே தள்ளும் விசிறி இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை ப்ளோயர் என்கிறார்கள். ஏசிக்கும் அதே விசிறிதான், ஹீட்டருக்கும் அதே விசிறிதான். எங்கள் ஊர்க் காரில் ஹீட்டருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். சூடு, குளிர் மாற்றுகிற திருகியின் சிவப்புப் பக்கத்தைப் பதினெட்டு வருஷத்தில் யாரும் திருப்பிப் பார்த்தது கிடையாது. போளூர் ரோட்டு மெக்கானிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஹீட்டர் ஃபேன் போயிடுச்சு மேடம்" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கோடையில் வந்த சிரிப்பு அது ஒன்றுதான்.

அந்த ஒர்க்ஷாப்புக்குப் போவதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சத்தம் ஆரம்பித்த வாரமே, போளூர் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது, அவர் இடது கையைக் குறுக்கே நீட்டி ஏசித் திருகிகளைத் தொட ஆரம்பித்தார். விசிறியின் வேகத்தைக் குறைத்தார், கூட்டினார், அணைத்தார், திரும்பப் போட்டார். அப்புறம் வெளிக்காற்று, உள்காற்று என்று இரண்டு படம் போட்ட ஒரு நெம்புகோல் இருக்குமே, அதை வெளியிலிருந்து உள்ளே தள்ளினார். அவர் ஓட்டின காலத்தில் அது எப்போதும் உள்காற்றில்தான் இருக்கும். நோயாளிக்கு ஒரே காற்றைச் சுற்றிச் சுற்றிக் கொடுக்கக் கூடாது என்று ஆபீஸில் யாரோ சொன்னதைக் கேட்டு, வெளிக்காற்றுக்கு மாற்றியவள் நான்.

"அது," என்றார். "அது... அது..."

எதிரே ஒரு கரும்பு டிராக்டர். பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தான். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். நெம்புகோலைத் திரும்ப வெளிக்காற்றுக்குத் தள்ளினேன். "சும்மா இருங்க. கைய வெச்சு இன்னும் கெடுத்து வெக்காதீங்க," என்றேன்.

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கண்ணமங்கலம் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மெக்கானிக் விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வயசு இருக்கும். போனைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேதான் வேலை பார்ப்பார். நான் என்ன சொன்னாலும் "ஓகே மேடம்" என்பார், காதில் வாங்க மாட்டார். எப்போது சத்தம் ஜாஸ்தி, எப்போது கம்மி என்று நான் சொல்ல ஆரம்பித்தாலே, "நீங்க உக்காருங்க மேடம், நாங்க பாத்துக்கறோம்," என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டிவிடுவார். இதையே ஒரு ஆம்பளை வந்து சொல்லியிருந்தால் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசியிருப்பார்கள். காற்று வருகிற ஓட்டை வழியாக ஏதோ எண்ணெயைப் பீய்ச்சி அடித்தார். சத்தம் இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் செங்கம் ரோட்டில், வாடகை ஸ்கூட்டரில் ஊர்கோலம் போகிற வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் நான் மாட்டிக்கொண்டிருக்கும்போது, திரும்ப ஆரம்பித்தது. இந்த முறை கூடவே ஒரு முனகல்.

திரும்பப் போனேன். போய்க் கத்தினேன். என் வீட்டுக்காரரும் என்னோடு இறங்கி வந்தார். நான் கத்திக்கொண்டிருக்கும்போது அவர் தடியை ஊன்றிக் காரின் முன்பக்கம் போனார். முன் கண்ணாடிக்கு அடியில், வைப்பர் இருக்கிற இடத்தில், கறுப்பாக வரிவரியாக ஒரு பிளாஸ்டிக் தட்டி இருக்கும். அதைத் தடியின் நுனியால் தட்டினார். தட்டித் தட்டி, "அது, அது" என்றார்.

"சார், கீறல் விழுந்துடும். மேடம், சார கொஞ்சம் புடிங்க," என்றார் மெக்கானிக்.

நான் பிடித்தேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். எழுந்திருக்கப் பார்த்தார். தோளில் கையை வைத்து அழுத்தினேன். அழுத்தியதை நினைத்தால் இன்றைக்கும் என் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

மெக்கானிக் சொன்ன தீர்ப்பு இது: டேஷ்போர்டு முழுக்கக் கழற்ற வேண்டும், புது மோட்டார் போட வேண்டும், இவ்வளவு பழைய வண்டிக்கு அது கட்டுப்படியாகாது, விற்றுவிடுங்கள்.

இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஆள் என் கொழுந்தனார். என் வீட்டுக்காரருக்குத் தம்பி, பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜ் ஒன்றை லீஸுக்கு எடுத்து நடத்துகிறவர். கெட்டவர் இல்லை. உதவி செய்கிறேன் என்று வந்து நம்மை உட்காரச் சொல்லிவிட்டு நம் வீட்டை அவர் நடத்த ஆரம்பித்துவிடுவார், அவ்வளவுதான். "அண்ணி, அண்ணன் இனிமே ஓட்டப் போறதில்ல. நீங்க பயந்து பயந்து ஓட்டறீங்க. கார தள்ளிடலாம். வேலூருக்கு நான் வண்டி அனுப்பறேன்," என்றார். அவருடைய வண்டி எப்படி வரும் என்பது எனக்குத் தெரியும். பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்தை லாட்ஜுக்கு ஏற்றப் போய்விடும். முகூர்த்த நாள் என்றால் வராது.

"உங்கண்ணன் கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க," என்றேன்.

"அவருக்கு இன்னா அண்ணி தெரியப் போவுது," என்றார் கொழுந்தனார், அண்ணன் காதில் விழும்படியே.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அவரைத் திட்ட எனக்கு அன்றைக்கு யோக்கியதை இருந்ததா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் அதற்கு முந்தின திங்கட்கிழமைதான் அது நடந்தது.

அவருக்குப் பேச்சு வரும்வரை திங்கட்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் விட்டதும் வீட்டுக்குப் போய் அவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்புவேன். கோபுரத்துக்கு எதிர்ச் சாரியில், இடம் கிடைக்கிற கடை முன்னால் காரை நிறுத்துவேன். கூட்டத்தில் அவரால் நடக்க முடியாது. அவர் காரிலேயே இருப்பார், நான் போய்விட்டு வருவேன். கையில் சாமி பூ இருக்கும், வில்வம் இருக்கும், அம்மன் சந்நிதியில் கொடுத்த எலுமிச்சம்பழம் சில நாள் இருக்கும். சாமி பூவைக் குப்பையில் போட முடியாது. கால் படுகிற இடத்தில் போட முடியாது. எங்கள் ஊரில் கார் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் செய்கிறதையே நானும் செய்வேன். முன் கண்ணாடிக்கு அடியில், வைப்பருக்குப் பக்கத்தில் செருகி வைத்துவிடுவேன். அவர் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில், அவருக்கு நேராக. வண்டிக்கும் காப்பு, அவருக்கும் காப்பு. அடுத்த திங்கட்கிழமைக்குள் பழைய பூ காணாமல் போயிருக்கும். காற்றில் பறந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொள்வேன் என்பதுகூடப் பொய். நினைத்ததே இல்லை.

அந்தத் திங்கட்கிழமை நான் பூவைச் செருகும்போது உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டினார். "இருங்க வரேன்," என்று சொல்லிக்கொண்டே செருகினேன். கதவைத் திறந்துகொண்டு, தடியைக்கூட எடுக்காமல், காரைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தார். செருகியிருந்த பூவைப் பிடுங்கித் தரையில் எறிந்தார். வில்வத்தை எறிந்தார். பழத்தையும் தேடினார்.

கடை வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பூ விற்கிற அம்மாள், "ஐயோ, சாமி பூவாச்சே," என்றாள். அவர் சாமியைக் கோபித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். உன் வேண்டுதலும் வேண்டாம், நீயும் வேண்டாம் என்று என்னையே எறிகிறார் என்று நினைத்தேன். நடுத்தெருவில் நின்று கத்தினேன்.

"யாருக்காகங்க இந்தப் பூ? எனக்காகவா? சாமி பூவ மிதிபட போடறீங்களே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா?"

அவர் வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "அது," என்றார். இடது கை விழாமலிருக்கக் காரைப் பிடித்திருந்தது; வலது கையால் கறுப்புத் தட்டியைக் காட்டத்தான் பார்த்திருப்பார், அந்தக் கை தொங்கிக்கொண்டிருந்தது. நான் குனிந்து ஒவ்வொரு பூவாகப் பொறுக்கி, கண்ணில் ஒற்றி, திரும்ப அதே இடத்தில் செருகினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அவரைத் தள்ளாத குறையாக உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். அந்த ராத்திரி அவர் சாப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.

என் பேச்சு எடுபடவில்லை, கார் விற்பது முடிவாகிவிட்டது. கொழுந்தனார் யாரையோ பிடித்துவிட்டார். சனிக்கிழமை நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்து வண்டியைப் பார்ப்பதாக ஏற்பாடு. சத்தம் கேட்டால் ஆள் பின்வாங்கிவிடுவான் என்று, அன்று மத்தியானம் வேட்டவலம் ரோட்டில் கார் ஏசி வேலை பார்க்கிற ஒரு பாயிடம் கூட்டிப்போனார். நான் ஓட்டினேன், என் வீட்டுக்காரர் பக்கத்தில், கொழுந்தனார் பின்னால். தகரக் கொட்டகை. நாற்பது வயசு பாய், சிடுமூஞ்சி. வாய் நிறைய பாக்கு. நாங்கள் வந்து நின்றதற்கு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சரி, இன்னொரு ஆள் என்று என் பட்டியலில் அவரையும் சேர்த்துக்கொண்டேன்.

"ஏசி போட்டா டக்டக்னு சத்தம் வருதுங்க பாய்," என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"லெஃப்ட்டு."

"லெஃப்ட்டுல உக்கார்றது யாரு?"

"இவருதான். நான் ஓட்டறேன்."

"அப்ப அவரு சொல்லட்டும். நீங்க ரோட்ட பாப்பீங்களா, சத்தத்த கேப்பீங்களா?"

"அவருக்குப் பேச்சு வராதுங்க."

"பேச வாணாம். காட்டட்டும்."

கொழுந்தனார் நடுவில் புகுந்தார். "பாய், அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்களே பாத்து முடிங்க. நாலு மணிக்குப் பார்ட்டி வராங்க."

"சரி, நீங்க சொல்லுங்க. ஃபேன நிறுத்தினப்புறம் சத்தம் வருதா, வரலியா?"

கொழுந்தனார் என்னைப் பார்த்தார். நான் கொழுந்தனாரைப் பார்த்தேன். பாய் பாக்கைத் துப்பிவிட்டு வந்து, இடது பக்கக் கதவுக்கு வெளியே குந்தி உட்கார்ந்துகொண்டார். "சார், காட்டுங்க," என்றார்.

என் வீட்டுக்காரர் முதலில் என்னைப் பார்த்துச் சாவியைக் காட்டி, விரலால் பின்பக்கம் திருகுவதுபோல் செய்தார். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. இன்ஜினை அணைத்து, சாவியை ஒரு படி மட்டும் திருப்பினேன். இன்ஜின் இல்லாமல் விசிறி மட்டும் ஓடியது. டக்டக் அப்படியே இருந்தது. பாயைப் பார்த்து இல்லை என்பதுபோல் கையை ஆட்டினார். "ஆமா, இன்ஜின் இல்ல," என்றார் பாய். அப்புறம் என் வீட்டுக்காரர் இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து, வேகத்தை ஒன்றில் வைத்தார். டக்... டக்... டக். இரண்டு. மூன்று. நான்கில் ஒன்றோடொன்று சேர்ந்து இரைச்சலாகிவிட்டது. பிறகு சட்டென்று அணைத்துவிட்டு ஒரு விரலை உயர்த்தினார். கேளுங்கள் என்று அர்த்தம். வகுப்பில் அப்படித்தான் உயர்த்தியிருப்பார். விசிறி சுற்றி ஓய்ந்தது. ஓய்ந்த பிறகு, எங்கேயோ உள்ளே, ஒரு சின்ன சாமான் உருண்டு விழுந்தது. டொக்.

பாய் சிரித்தார். "உள்ள ஏதோ லூஸா கெடக்குது. மோட்டார் போயிருந்தா, நின்னப்புறம் எதுக்கு சத்தம் வரப் போவுது?"

என் வீட்டுக்காரர் நெம்புகோலைத் தொட்டுக் காட்டினார். வெளிக்காற்றுப் படத்தை விரலால் குத்தினார். பிறகு தடியை எடுத்துக்கொண்டு இறங்கி, முன் பக்கம் போய், அந்தக் கறுப்புத் தட்டியைத் தட்டினார். இந்த முறை யாரும் அவரைப் பிடிக்கவில்லை. பாய் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். இடது ஓரத்தில் தட்டியின் ஒரு வரி உடைந்து, இரண்டு விரல் நுழைகிற அளவுக்குச் சந்து இருந்தது. அந்தச் சந்தின் வாயில் போன திங்கட்கிழமைப் பூ பாதி உள்ளே, பாதி வெளியே கிடந்தது.

"இது வழியாத்தான் வெளிக்காத்து உள்ள போவும்மா. பழைய மாடல், ஃபில்டர் கூட கெடையாது. இதுல விழறது எல்லாம் நேரா ஃபேனுக்குள்ள தான்," என்றார் பாய். கொஞ்சம் யோசித்துவிட்டு, "முன்ன யாராவது இத க்ளீன் பண்ணிட்டிருந்தாங்களா?" என்று கேட்டார்.

பண்ணிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும், காரைக் கழுவும்போது, ஒரு பழைய டூத்பிரஷ்ஷை வைத்து அந்தத் தட்டியின் வரிகளைத் தேய்ப்பார். "அதுக்குப் பல்லு வெளக்கி விடறீங்களா?" என்று நான் காபியோடு வந்து நின்று சிரிப்பேன். எதற்கு என்று கேட்டிருந்தால் அரை மணி நேரம் சொல்லியிருப்பார். அந்த அரை மணி நேரத்துக்குப் பயந்துதான் கேட்கவில்லை.

டேஷ்போர்டைக் கழற்றவே இல்லை. சாமான் பெட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பாய் மூன்று ஸ்குரூவைக் கழற்றினார். வெறும் மூன்று. ஒரு ஒயரை உருவினார். விசிறி கையோடு வந்துவிட்டது. அதைக் கவிழ்த்துத் தினத்தாளில் தட்டினார். அரளி, காய்ந்து கறுத்தது. வில்வ இலை. விபூதி மடித்த காகிதம். மல்லிகைப்பூ கட்டின நூல், விசிறியின் அச்சில் இறுகச் சுற்றியிருந்தது. அதுதான் முனகல். கடைசியாக ஒரு எலுமிச்சம்பழம், சுருங்கிக் கொட்டைப்பாக்கு மாதிரி ஆகி, உருண்டு என் செருப்பிடம் வந்து நின்றது.

எல்லாம் நான் வைத்தவை. அவருக்குப் பேச்சு வர வேண்டும் என்று வைத்தவை.

கொழுந்தனார் சிரித்துவிட்டார். "அட, நம்ம அண்ணியோட பக்திதானா!"

"சிரிக்காதீங்க," என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. "உங்கண்ணன் இத்தன நாளா சொல்லிட்டிருந்தாரு. நடுரோட்டுல நின்னு சொன்னாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீங்க வாயால சொன்னீங்க, நான் கையால சொன்னேன். இதுல யாருக்கு அறிவு போச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

கொழுந்தனார் குனிந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தினத்தாளில் வைத்தார். அவர் மேல் கோபப்பட எனக்கு அதற்குமேல் தெம்பில்லை. ஆபீஸில் என் மேஜைக்கு முன்னால் யாராவது வயதானவர் தடுமாறினால், பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்து, "பெரியவர் இன்னா சொல்றாரு?" என்று கேட்பவள் நான். வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போன அந்த அம்மாளைவிட நான் எந்த விதத்தில் உசத்தி?

பாய் அந்தப் பூக்களைக் குப்பைப் பக்கம் தள்ளவில்லை. நூலையும் பழத்தையும் சேர்த்துத் தினத்தாளிலேயே மடித்து என்னிடம் நீட்டினார். "சாமி பூவு. நீங்களே எங்கியாவது நல்ல எடமா பாத்துப் போட்டுடுங்க," என்றார். பிறகு அவரிடம் திரும்பி, "சார், அந்தச் சந்துக்கு ஒரு வலை அடிச்சுடலாமா?" என்று கேட்டார். அவர் தலையசைத்தார். எவ்வளவு பெரிய வலை என்று விரலால் காட்டினார். பாய் ஒரு துண்டைக் காட்ட, இன்னும் சின்னக் கண் என்று இவர் கையை ஆட்ட, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அப்ப நாலு மணிக்கு..." என்றார் கொழுந்தனார் என்னிடம்.

"என்ன ஏன் கேக்கறீங்க? வண்டி உங்கண்ணனோடது."

அவர் தயங்கினார். அப்புறம் அண்ணன் முன்னால் போய், கொஞ்சம் குனிந்து, "அண்ணே, வண்டிய குடுத்துடலாமா?" என்று கேட்டார். பக்கவாதம் வந்த நாளிலிருந்து தம்பி அண்ணனிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அண்ணன் தலையை இடமும் வலமும் நன்றாக, மெதுவாக ஆட்டினார். கொழுந்தனார் போனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே போனார். பிறகு தனக்கு பஸ் ஸ்டாண்டில் வேலை இருக்கிறது என்று ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் திரும்பினோம். ஜன்னலை மூடி, ஏசியைப் போட்டு, வேகத்தை நான்கில் வைத்தேன். காற்று மட்டும் வந்தது. அவர் நெம்புகோலை உள்காற்றுக்குத் தள்ளினார். நான் தடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. வேறு ஏதோ வந்தது.

"மொதல்லயே எனக்குப் புரியற மாதிரி சொல்லியிருக்கலாமில்ல நீங்க?"

சொல்லி முடிப்பதற்குள்ளேயே அது எவ்வளவு அநியாயமான பேச்சு என்று தெரிந்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பினார். கோபம் இருக்கும் என்று பார்த்தேன், இல்லை. இடது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தார். மடக்கினார். மறுபடி இரண்டு விரலைக் காட்டினார்.

"ஏழு தடவ சொன்னீங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார். ஒவ்வொன்றையும் எண்ணி வைத்திருந்திருக்கிறார்.

நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டு மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். போளூர் ரோட்டில் திருகிகளைத் தொட்டது ஒன்று. ஒர்க்ஷாப்பில் தடியால் தட்டியது ஒன்று. கோபுரத்துக்கு எதிரே பூவை எறிந்தது ஒன்று. திரும்பத் திரும்ப எண்ணினேன். எனக்கு மூன்றுதான் வந்தது.